பூச்சி மருந்துக்குப் பழகுகிறதா, மாறுகிறதா?

கொரங்காட்டுக்காரன்:
மகள் பத்தாவது படிக்கிறாள். நேற்று பரிணாமப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள், கேட்கக் கேட்க மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காங்கேயம் மாடுதான். கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், காளையென்றால் திமிலும் கழுத்தும் கறுக்கும். தாத்தா பார்த்ததும் இதுதான், நான் பார்ப்பதும் இதுதான். பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பம் நல்ல காளையாகத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தை வளர்த்ததை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மாடு மாடாகத்தானே இருக்கிறது? குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? சண்டைக்காகக் கேட்கவில்லைங்க, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் பண்ணை:
அண்ணா, உங்கள் பங்காளி வீட்டிலிருந்து நீங்கள் பிறக்கவில்லை, இரண்டு வீட்டுக்கும் பாட்டன் ஒருவர். நீங்கள் இருப்பதால் பங்காளி இல்லாமல் போக வேண்டுமா? மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள உறவு அதுதான்.

மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறீர்களே, என் கொட்டகைக்கு வந்து பாருங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கறிக்கோழி வகைகளை ஒன்றாக வளர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். தீவனம் மூன்றுக்கும் ஒன்றுதான். 56 நாளில் பழைய வகை 905 கிராம், நடுவில் உள்ளது 1.8 கிலோ, புதியது 4.2 கிலோ. ஊசி போட்டுத்தான் ஊத வைக்கிறோம் என்று எங்களைப் பேசுகிறவர்களுக்கும் இதுதான் பதில். மாறியது கோழியின் வம்சம்.

கொரங்காட்டுக்காரன்:
தம்பி, அது மனிதன் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது. காட்டில் பொறுக்க ஆள் ஏது? நாலு கிலோ ஆனாலும் கோழி கோழிதான். எங்கள் பக்கம் வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து இரண்டு வருடத்தில் கேட்பதில்லை, பூச்சி பழகிவிடுகிறது. அதற்காக அது வேறு பூச்சி ஆகிவிட்டதா? பழகுவது வேறு, மாறுவது வேறு.

அன்னூர் ஆசிரியை:
அண்ணா, அந்தப் "பழகிவிட்டது" என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது, வகுப்பிலும் நான் அங்கேதான் நின்று பேசுவேன். எந்தப் பூச்சியும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிறவியிலேயே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், மருந்து அடிக்கும் முன்பே இருக்கும். மற்றவை செத்துப்போக அவை மிஞ்சி முட்டை வைக்கும், அடுத்த பட்டத்தில் வயல் முழுக்க அவற்றின் பிள்ளைகள். தனிப் பூச்சி எதுவும் மாறவில்லை, கூட்டம் மாறிவிட்டது. பொறுக்க ஆள் ஏது என்றீர்களே, இங்கே பொறுக்கியது மருந்து. காட்டில் பஞ்சம் பொறுக்கும், குளிர் பொறுக்கும், நோய் பொறுக்கும்.

பருத்தியில் நடந்ததைச் சொல்கிறேன். பி.டி. விதை என்றால் புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு போட்ட பருத்தி விதை. அதற்கு நம் நாட்டில் 2002-இல் அனுமதி கிடைத்தது. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைத் தாங்கிவிட்டது உறுதியானது. இரண்டு மரபணு போட்ட விதை 2006-இலேயே வந்திருந்தது, பின்னால் அதையும் புழு தாண்டியது. விதை வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும், 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை ஒரு பொட்டலம் கொடுப்பார்கள், வயலைச் சுற்றி விதைக்கச் சொல்லி. அங்கே விஷம் இல்லாமல் வளரும் ஏராளமான பூச்சிகள், தாங்கும் தன்மையுள்ள அரிதான ஒன்றிரண்டோடு இணைய வேண்டும், அப்படிப் பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி. செடியைத் தின்றால் செத்துவிடும் என்ற கணக்கு அது. பரிணாமத்தை வைத்துப் போட்ட கணக்கு. என் அப்பா அந்தப் பொட்டலத்தை வரப்போரம் கொட்டினார், ஊரில் பலரும் அப்படித்தான், ஏன் கொடுக்கிறார்கள் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

கொரங்காட்டுக்காரன்:
நாங்களும் கொட்டினோம்ங்க. இவ்வளவு விஷயம் அதில் இருப்பது தெரியாது. சரி, புழுவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழு இன்னும் அதே இனம்தானே, என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒன்று இரண்டாகப் பிரிந்ததைக் காட்டுங்கள்.

பொள்ளாச்சிக் காற்று:
ஆனி ஆடியில் நம் தலைமேல் அடிக்கிற காற்று எங்கிருந்து வருகிறது அண்ணா? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து. மேற்கு மலைத்தொடரில் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டிலும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் சிகரங்கள், நடுவில் சூடான தாழ்நிலம்.

சோலைக்காட்டில் சிரிப்பான் என்றொரு பறவை உண்டு, சிரிப்பது போலவே கத்தும். நீலகிரியில் இருப்பதற்கு வயிறும் மார்பும் செம்பழுப்பு. ஆனைமலை, பழனி மலையில் இருப்பதற்கு மார்பு சாம்பல். மலை உச்சிக் குளிரைவிட்டு இறங்காத பறவை, நம் தென்னந்தோப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. மரபணுவைப் பார்த்தால் இரண்டும் வெகுகாலமாகத் தனித்தனி வழியில் போனவை. வால்பாறையில் முதல்முறை கேட்டபோது, ஊட்டியில் கேட்டதன் பங்காளி இது என்று தெரிந்ததும் புல்லரித்தது.

கொரங்காட்டுக்காரன்:
யானையும்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது, அது ஏன் பிரியவில்லை? மார்பு நிறம் மாறினால் வேறு இனமா? எங்கள் மாட்டிலும் மயிலை, காரி, செவலை எல்லாம் உண்டு.

பொள்ளாச்சிக் காற்று:
நல்ல கேள்வி அண்ணா. யானை தாழ்நிலத்திலும் நடமாடும், ஆனாலும் நீலகிரிப் பக்க யானைக்கும் ஆனைமலை யானைக்கும் மரபணுவில் வேறுபாடு கண்டிருக்கிறார்கள். இனம் ஒன்றுதான், பிரிவு தொடங்கிய நிலை என்று சொல்லலாம். சிரிப்பான் வெகுதூரம் போய்விட்டது. அதை இரண்டு இனம் என்பதா, ஓர் இனத்தின் இரண்டு கிளை என்பதா என்று பறவை ஆய்வாளர்களுக்குள்ளேயே முன்பு கருத்து மாறியிருக்கிறது. மெல்ல மெல்லப் பிரிகிற ஒன்றுக்குக் கோடு கிழித்தாற்போல் எல்லை எப்படி இருக்கும்? உங்கள் மயிலையும் காரியும் ஒரே பட்டியில் கூடிக் கன்று போடுகின்றன, சிரிப்பான்கள் சந்திப்பதே இல்லை.

அன்னூர் ஆசிரியை:
மாட்டையே எடுத்துக்கொண்டீர்கள், ஒன்று சொல்கிறேன். மாடு, ஆடு, மான், பன்றி என்று குளம்பு பிளந்த எல்லாவற்றுக்கும் கணுக்காலில் ஓர் எலும்பு இருக்கும், இரண்டு முனையிலும் கிணற்று உருளை மாதிரிப் பள்ளம். வேறு எந்தப் பிராணிக்கும் அப்படி இல்லை. பாகிஸ்தானில் தோண்டிய ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டுப் பழைய திமிங்கலங்களுக்குக் கால் இருந்தது, அந்தக் காலில் இதே எலும்பு. 2001-இல் வெளியிட்டார்கள். அதாவது திமிங்கலமும் உங்கள் மாட்டுக்குப் பங்காளிதான்.

கொரங்காட்டுக்காரன்:
அந்த எலும்பை நான் ஆட்டுக்காலில் பார்த்திருக்கிறேன். திமிங்கலத்தை உடனே ஏற்க முடியவில்லை, யோசிக்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் சொன்னது வேறொரு பயத்தைக் கிளப்பிவிட்டது. பிறவியிலேயே வேறு மாதிரி ஒன்றிரண்டு இருந்தால்தான் கூட்டம் பிழைக்கும் என்றால், எங்கள் ஊரில் பொலிகாளை இரண்டுதான் மிச்சம், இரண்டும் ஒரே பசுவின் வழி. நாளைக்குப் புது நோய் வந்தால் தாங்கக்கூடிய கன்று எங்கிருந்து பிறக்கும்?

பல்லடம் பண்ணை:
வெள்ளக்கோவில் பக்கம் என் மாமாவிடம் ஒரு மயிலைக் காளை நிற்கிறது அண்ணா, தாய்வழி உங்கள் பக்கத்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கூட்டிப்போகிறேன்.