வரைபட மென்பொருளில் 230 மி.மீ சுவரை 200 ஆக்கியபோது எந்த முகம் நகர்ந்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

மூலைமட்டம்

ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் (கட்டட வரைபட மென்பொருள்) ஒரு பிளான். செங்கலுக்குப் பதில் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் கொண்ட இலேசான கான்கிரீட் கல்) என்று முடிவானதும், வால் ஸ்டைலில் (சுவரின் அடுக்குகளை வரையறுக்கும் அமைப்பு) செங்கல் அகலத்தை 230-லிருந்து 200 ஆக்கியிருந்தார்கள். அளந்து பார்த்தால் சுவர் மொத்தம் அதே 262 மி.மீ! பெரிதாக்கினால்தான் விஷயம் தெரிந்தது: பிளாக்குக்கும் உள்பூச்சுக்கும் நடுவில் 30 மி.மீ வெற்றிடம், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) இல்லாமல் ஒரு வெள்ளைப் பட்டை. 1:100 அச்சில் இது கண்ணில் படவே படாது.

காரணம் எட்ஜ் ஆஃப்செட், அதாவது பேஸ்லைன் என்ற ஆதாரக் கோட்டிலிருந்து ஒவ்வொரு அடுக்கும் தொடங்கும் தூரம். அந்த ஸ்டைலில் செங்கலின் வெளிமுகம்தான் பேஸ்லைன்; அதற்கு வெளிப்பக்கம் கூட்டல், உள்பக்கம் கழித்தல். வெளிப்பூச்சு ஆஃப்செட் 0, அகலம் 20. செங்கல் ஆஃப்செட் 0, அகலம் -230. உள்பூச்சு ஆஃப்செட் -230, அகலம் -12. செங்கலை -200 ஆக்கினால் உள்பூச்சு தானாகப் பின்னால் வராது, -230-லேயே நிற்கும். ஸ்டைல் மேனேஜரில் காம்பொனென்ட்ஸ் பக்கத்துக்குப் போய் அதன் ஆஃப்செட்டையும் -200 என்று மாற்ற வேண்டும். அதன் பிறகே மொத்தம் 232 ஆகும்.

தூக்குக்குண்டு

ஆஃப்செட் சரியாக இருந்தும் தொல்லை தந்த ஃபைல் ஒன்று. சுவர்கள் எல்லாம் சென்டர் ஜஸ்டிஃபையில், அதாவது சுவரின் நடுவைப் பிடித்து, வரையப்பட்டவை. 30 மி.மீ குறைந்ததும் இரண்டு பக்கமும் 15, 15 ஆக உள்வாங்கிவிட்டது. 230 தூண் அங்கேயே நிற்க, வெளிமுகத்தில் ஒவ்வொரு தூணிலும் 15 மி.மீ படி. 20 பூச்சு வர வேண்டிய இடத்தில் 35 பூசினால்தான் முகம் சமமாகும். 35-ஐ ஒரே பூச்சாக ஏற்றினால் கலவை தொங்கும், காய்ந்ததும் வெடிக்கும்.

ரசமட்டம்

ரெவிட் மென்பொருளில் இந்தத் தலைவலியே கிடையாது. சுவரின் அடுக்குகளைத் திருத்தும் எடிட் ஸ்ட்ரக்சரில் 230-ஐ 200 ஆக்கினால் மற்ற அடுக்குகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

தூக்குக்குண்டு

@ரசமட்டம், மூலைமட்டம் சொன்ன வெற்றிடம் வராது, அதுவரை சரி. நான் சொன்ன 15 மி.மீ படி அங்கேயும் வரும். லொகேஷன் லைன் (சுவரை நிலைநிறுத்தும் கோடு) 'வால் சென்டர்லைன்' என்றிருந்தால் சுவர் அந்தக் கோட்டைச் சுற்றி இரு பக்கமும்தான் சுருங்கும். அகலத்தைத் தொடும் முன்பே லொகேஷன் லைனை 'கோர் ஃபேஸ்: எக்ஸ்டீரியர்' (பூச்சு நீங்கலாகக் கட்டுச்சுவரின் வெளிமுகம்) ஆக்க வேண்டும். அப்படி மாற்றுவதால் சுவர் அசையாது, எந்தக் கோடு நிலைக்கும் என்பது மட்டும் மாறும். ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் ப்ராப்பர்ட்டீஸில் ஜஸ்டிஃபையை மாற்றினால் சுவரே நகர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கரணை

ஒரு கேஸ். ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் ஸ்டைலைத் திருத்தியாயிற்று, டூல் பேலட்டிலிருந்து (கருவிப் பலகை) இழுத்தால் இன்னும் பழைய அகலம். அதே பெயரில் ஸ்டைல் டிராயிங்கில் ஏற்கெனவே இருந்தால் மென்பொருள் அதையே எடுத்துக்கொள்ளும். டூல் மேல் ரைட் கிளிக் செய்து ரீ-இம்போர்ட் கொடுங்கள். எக்ஸ்ரெஃப் (வேறு ஃபைலிலிருந்து இணைத்த வரைபடம்) என்றால் மூல ஃபைலில் திருத்தி, சேமித்து, ரீலோட் செய்ய வேண்டும்.

மணியாசுக்கட்டை

நான் பார்த்தது சின்னதுதான்: 200 சுவரில் 230 ஆழம் என்றே மாற்றாமல் விட்ட கதவு நிலை, 30 மி.மீ வெளியே துருத்திக்கொண்டு. ஆனால் இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கார்ப்பெட் ஏரியாவில் (வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு) வெளிச்சுவர் சேராது, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச்சுவர் சேரும். ஆகவே வெளிமுகத்தை நிலையாக வைத்து உள்ளே 30 மி.மீ விட்டால் 4 மீட்டர் வெளிச்சுவருக்கு 0.12 ச.மீ, ஏறக்குறைய 1.3 சதுர அடி கூடும். வீட்டுக்குள் உள்ள தடுப்பு மெலிந்தால் மொத்தக் கணக்கு மாறாது. ரெவிட்டில் அறைப் பரப்புக் கணக்கு 'வால் சென்டர்' (சுவரின் நடு) என்று இருந்தால் இதில் எதையும் நம்பாதீர்கள். 'வால் ஃபினிஷ்' (பூச்சு முகம்) என்று மாற்றிவிட்டுப் பட்டியல் எடுங்கள்.

இன்னும் ஒன்று. ரெவிட்டில் டைப்பை (சுவர் வகையின் பொது வரையறை) நேராகத் திருத்தாதீர்கள், எல்லாத் தளத்திலும் அந்தச் சுவர் மாறிவிடும். டூப்ளிகேட் எடுத்து 200 என்று பெயர் வைத்து, மாற வேண்டிய சுவர்களை மட்டும் அதற்கு மாற்றுங்கள். அலைன் செய்து (வேறொன்றோடு ஒரே கோட்டில் சேர்த்து) பூட்டு போட்ட சுவர்கள் இருந்தால் முதலில் பூட்டை எடுங்கள், இல்லையென்றால் பக்கத்துச் சுவரையும் இழுக்கும், அல்லது கன்ஸ்ட்ரெயின்ட் எரர் வரும். அளவுக்கோடுகளைப் பூச்சு முகத்தில் பிடிக்காமல் கோர் முகத்தில் பிடியுங்கள், கொத்தனார் கட்டுவது அந்த முகத்தைத்தான்.

மூலைமட்டம்

@மணியாசுக்கட்டை, டூப்ளிகேட் ஆலோசனை ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சருக்கும் பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. புதிய ஸ்டைலில் பிளாக்கின் ப்ரையாரிட்டி எண் (முன்னுரிமை எண்) பழைய செங்கலிலிருந்து வேறாக இருந்தால், 'டி' சந்திப்பில் சிறிய எண் கொண்டது மற்றதை வெட்டிக்கொண்டு போகும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.