சக்குலண்ட், நிழல் பெரெனியல்: பெயரட்டையில் தமிழில் என்ன எழுதுவது?

குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் நாம் நடத்தும் செடிப் பரிமாற்ற நாளுக்கான பெயரட்டைகளில் மற்ற மூன்று மொழிகளும் ஏறிவிட்டன. தமிழ் வரி மட்டும் காலி. ‘சக்குலண்ட்’ (இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்துத் தடித்த செடி) என்ற சொல்லிலும் ‘ஷேட் பெரெனியல்’ (நிழலில் பல ஆண்டு வாழும் செடி) என்ற தொடரிலும் நம் உரையாடல் சிக்கி நிற்கிறது. வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் படிக்கப்போகிறவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் நாலு தொட்டி வைத்திருப்பவர். தண்ணீர்க் குவளையைத் தூக்கிய கை ஊற்றலாமா, நிறுத்தலாமா என்பதை அந்தச் சொல் அவருக்குச் சொல்ல வேண்டும். நான் எல்லாச் சொல்லையும் இந்த ஒன்றை வைத்தே பார்க்கிறேன்.

> பள்ளிப் பாடநூலிலேயே ‘சதைப்பற்றுள்ள தாவரம்’ இருக்கிறது. புதிதாக எதற்கு, தம்பி?

ஐயா, அது விளக்கம், இன்னும் பெயராகவில்லை. கட்டுரைக்கு அதில் குறையொன்றும் இல்லை, நானே எழுதுவேன். அதன்மேல் இன்னொரு அடைமொழியை ஏற்றிப் பாருங்கள்: ‘நிழல் தாங்கும் சதைப்பற்றுள்ள இலைகளையுடைய தாவரம்’. நம் அட்டை கையகலம்தான். தவிர, மாம்பழத்துக்கும் தக்காளிக்கும் சதைப்பற்று என்றுதான் சொல்கிறோம். பழத்தில் சதை இருப்பது தின்னவரும் பறவைக்காகவும் விலங்குக்காகவும். இலையில் இருப்பது தண்ணீரைப் பதுக்கிக்கொள்ள. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் தொட்டிக்காரருக்கு ஒன்றும் புரியாது.

> ‘பாலைச்செடி’ எப்படி? திணைப் பெயரும் கைகொடுக்கும்.

கேட்க அழகாக இருக்கிறது. அதனாலேயே பயமாகவும் இருக்கிறது. புளோக்கை விட்டு இறங்கிச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பாருங்கள். கிளையைச் சுற்றிக் கொடியாக ஒரு பெரணி ஊர்ந்திருக்கும், தடித்த வட்ட இலைகளோடு. பைரோசியா பிலோசெல்லாய்டிஸ் என்பது தாவரவியல் பெயர். விழுந்து கிடக்கும் சுள்ளியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினால் நகம் அப்படியே உள்ளே இறங்கும், விரல் நனையும். பாலையே இல்லாத இந்தத் தீவின் சொந்தச் செடி அது. மரக்கிளையில் மண் கிடையாது; மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் பட்டை காய்ந்துவிடும். அதனால் இலையிலேயே நீர் சேர்க்கிறது. ஆக, நீர் சேர்ப்பதற்குப் பாலை வேண்டியதில்லை. அடுத்த மழைவரை வேருக்கு எதுவும் கிடைக்காது என்ற நிலை இருந்தால் போதும்.

‘பாலை’ என்று படித்தவர் செய்யப்போவதும் தெரிந்ததுதான். ஹாவோர்த்தியா என்ற சின்ன சக்குலண்டை மேற்கு வெயில் விழும் கைப்பிடிச் சுவரோரம் வைப்பார். தென்னாப்பிரிக்காவில் அது புதர்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் ஒதுங்கி வளர்வது. வெயிலில் வைத்தால் இலை சிவந்து சுருங்கும். எச்செவேரியா என்ற இன்னொரு சக்குலண்டின் கதை வேறு. மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் கண்டு வளர்ந்தது. நமக்கோ ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்காது. நடைபாதையில் அதன் ரோஜா வடிவம் குலைந்து நடுத்தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். அடியிலைகள் முதலில் கண்ணாடித்தனமாக, பிறகு மஞ்சளாக ஆகும். விரல் பட்டாலே கழன்று விழும். அழுகல் தண்டுக்குள் ஏறியபின் மேல்நுனியை வெட்டி நட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

> எங்கள் அம்மா எல்லாவற்றையும் கள்ளி என்றுதான் சொல்வார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வழக்கு ஏற்கெனவே விரிந்துதான் கிடக்கிறது: சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா, சப்பாத்திக்கள்ளி காக்டஸ், ரணகள்ளி கலஞ்சோ. தயக்கம் கள்ளியில் கசியும் பாலால் வந்தது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். எல்லா அட்டையிலும் கள்ளி என்று எழுதினால் திருகுகள்ளியின் பெயரிலேயே இருக்கிற எச்சரிக்கை நீர்த்துப்போகும். பெயரில் கள்ளி உள்ளவை அப்படியே இருக்கட்டும்; மற்றவற்றுக்கு வேண்டாம்.

> இரவில் மூச்சுவிடும் செடிகள்தானே? ‘இரவுமூச்சி’ என்று வைக்கலாம்.

நல்ல கற்பனை, தம்பி. இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு இரவில் திறப்பது, கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமிப்பது எல்லாம் சரி. ஆனால் அன்னாசியும் அதைத்தான் செய்கிறது, பல ஆர்க்கிடுகளும் செய்கின்றன. ஈசூன் வட்டாரத்துக்குப் பெயர் தந்த லிம் நீ சூன் அன்னாசித் தோட்டங்கள் வைத்திருந்தவர். அந்தத் தோட்டங்களையெல்லாம் யாரும் சக்குலண்ட் தோட்டம் என்று சொன்னதில்லை. போகிறபோக்கில் ஒன்று: இந்த இரவு வேலையை நாக்கால் கண்டுபிடித்தவர் நம் பக்கத்தில் இருந்தவர். பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆனவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலுக்குள் சப்பென்று ஆகிவிடுகிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டனில் அச்சாயிற்று. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று நாம் சொல்லும் அதே செடிதான்.

இனி என் பரிந்துரை. கற்றாழை மடல் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். பச்சைத் தோலை ஒட்டி முதலில் மஞ்சளாகக் கசப்புநீர் கசியும். அதைக் காய்ச்சி இறுக்கினால் நாட்டு மருந்துக் கடையின் கரியபோளம். வடியவிட்டு உள்ளே பார்த்தால் நிறமில்லாமல், வழுவழுப்பாக, கத்தியை எடுத்தால் நூல்விட்டுக்கொண்டு வருகிற பகுதி இருக்கும். அதற்குத் தமிழில் சோறு என்று பெயர். சோற்றுக்கற்றாழை என்பது அதனால் வந்ததுதான். பனைமரத்தின் மெத்தென்ற உள்ளீட்டைப் பனஞ்சோறு என்கிறோம். செடிக்குள் நிறைந்திருப்பதற்கு இந்தச் சொல் நம் புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை.

எனவே சக்குலண்ட் என்பதற்குச் சோற்றுச்செடி. எச்செவேரியா, ஹாவோர்த்தியா போல இலையில் சேர்ப்பவை சோற்றிலைச் செடிகள். பிரண்டை, காக்டஸ் போலத் தண்டில் சேர்ப்பவை சோற்றுத்தண்டுச் செடிகள். அடினியம் போல அடிப்பகுதி பருத்தவை சோற்றடிச் செடிகள். ஒரு வேரிலிருந்து மூன்றும் கிளைக்கின்றன. சதைப்பற்றை வைத்து இவ்வளவு சுருக்கமாகச் செய்ய முடியவில்லை. அட்டையின் கீழே ‘உள்ளே சோறு இருக்கிறது, தண்ணீர் மெதுவாக’ என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது.

> அடுத்து, ‘நிழல் பல்லாண்டுச் செடி’. இதிலாவது தகராறு இல்லையே?

இருக்கிறது, அக்கா. பெரெனியல் என்ற பிரிவு உறைபனி உள்ள ஊர்களின் தேவை. ஹோஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா, கொரியா, ஜப்பான் காடுகளின் நிழற்செடி. குளிரில் இலை முழுக்க மறைந்து வேர்மட்டும் உறங்கும், இளவேனிலில் மறுபடி கூம்பு கூம்பாக முளைக்கும். ஒரே பருவத்தில் செத்துப்போகிற செடிகளிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டும். இங்கே செம்பருத்தியும் பல்லாண்டு, கறிவேப்பிலையும் பல்லாண்டு, வாய்க்கால் ஓரத்துப் புல்லும் பல்லாண்டு. எதையும் பிரிக்காத சொல்லை எதற்கு அச்சடிப்பது? ஹோஸ்டாவோ ஹியூக்கெராவோ குளிர் உறக்கம் இல்லாமல் இங்கே நாளடைவில் இளைத்துத்தான் போகும், எவ்வளவு அழகான ரகமாக இருந்தாலும். அதனால் ‘நிழற்செடி’ போதும்.

நம் நிழற்செடிகள் அக்லோனிமா, கலாத்தியா, பெகோனியா, ஆந்தூரியம். அக்லோனிமாவில் இன்று காணும் சிவப்பு ரகங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியத் தாவரவியலாளர் கிரெகோரி ஹம்பாலி 1980களில் உருவாக்கிய ‘பிரைட் ஆஃப் சுமத்ரா’வுக்குப் பின் வந்தவை. அதுவரை தொட்டிகளில் அந்தச் செடி பெரும்பாலும் பச்சையும் வெள்ளியுமாகத்தான் இருந்தது. அண்டை நாட்டுக்காரர் செய்த வேலை. பரிமாற்ற மேசையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

நிழலும் சோறும் ஒன்றாகச் சேரும் இடம்தான் நடைபாதைக்காரருக்கு உண்மையில் பயன்படும். ஜீஜீ செடி (ஸாமியோகுல்காஸ்) கிழங்கிலும் இலைக்காம்பின் அடியிலும் நீர் வைத்திருக்கும், அரை இருட்டையும் தாங்கும். சான்சவேரியாவும் அப்படியே. இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை: ‘மரல்’. மரல் நாரில் தொடுத்த பூங்கண்ணி புறநானூற்றில் வருகிறது. நாட்டு மரலும் கடையில் விற்கும் ஆப்பிரிக்க வகையும் நெருங்கிய உறவு. தாவரவியலார் இரண்டையும் டிரசீனாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். மரலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

உறங்கி எழும் செடிகளுக்கு மட்டும் ஒரு சொல் தேவைப்படுகிறது. பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் மஞ்சள்கொத்தின் கிழங்கைப் பலரும் தொட்டியில் புதைப்பார்கள். தழைத்து நிற்கும், பிறகு இலை பழுத்துச் சாயும். செத்துவிட்டது என்று தொட்டியோடு குப்பைக்குப் போகும். கிழங்கு உள்ளே நன்றாகத்தான் இருக்கும். கச்சோலமும் காந்தளும் இதே குணம். கச்சோலத்தின் இனத்தை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ‘தெற்கின் ஹோஸ்டா’ என்றே சொல்கிறார்கள். இவற்றுக்குத் ‘துயில்கிழங்கு’ என்று எழுதலாம்.

கல்ட்டிவார் என்பதற்கு ரகம். அமெரிக்கத் தாவரவியலாளர் பெய்லி 1923இல் அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியதற்கு எவ்வளவோ முன்பே நம் உழவர்களிடம் நெல் ரகம் இருந்தது. ரகப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். பயிர்ச்செடிப் பெயரீட்டு விதிகளின்படி ஒலிபெயர்க்கலாம், ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஹோஸ்டாவில் ‘புளூ மௌஸ் இயர்ஸ்’ என்பதை ‘நீல எலிக்காது’ ஆக்கினால் சிரிப்பு வரும், செடி கிடைக்காது. மாங்கேவுக்கு யாரோ சொன்ன ‘மங்கற்றாழை’யும் வேண்டாம். அது மான்ஃப்ரெடாவும் அகேவும் சேர்ந்த கலப்பு. இரண்டையும் ஒரே இனமாக்கிவிட்டதால் இப்போது அது வணிகப் பெயர்தான். ‘புதிய ரகம்’ என்று எழுதுவதிலும் கவனம் தேவை. இங்கே 2004 முதல் ரகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புதுமை, தனித்தன்மை, ஒருசீர், நிலைப்பு நான்கும் பார்ப்பார்கள். கடைக்குப் போன வாரம் வந்தது என்பதற்காகப் புதியது ஆகிவிடாது.

அன்புடன்.

தெம்பனிஸ் அக்காவின் மறுமொழி:

தம்பி, படித்துக் காட்டினேன். ‘சோற்றுச்செடின்னா நெல்லாம்மா?’ என்று கேட்டாள் சின்னவள். இங்கே பிள்ளைகளுக்குச் சோறு என்றால் தட்டில் இருப்பது மட்டும்தான். பனஞ்சோற்றை எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்? ‘கொழுவிலை’ என்றால் என்ன? கொழுகொழு என்பது குழந்தைக்கும் தெரியும். துயில்கிழங்கு எனக்குச் சம்மதம். பல்லாண்டைத் தூக்கியதிலும் வருத்தமில்லை.

ஐயாவின் மறுமொழி:

கொழுவிலை காதுக்கு இனிமை. ஆனால் உரம் போட்டுச் செழித்த வாழையிலையும் கொழுத்த இலைதான். அட்டையைப் பார்த்து ஒருவர் இன்னும் கொஞ்சம் உரமும் நீரும் வைத்துக் கொழுக்கவைக்கலாம் என்று கிளம்பினால் தம்பி சொன்ன நோக்கமே கெட்டுவிடும். சதைப்பற்றை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பாடநூலில் அது இருக்கட்டும், அட்டைக்குச் சோற்றிலை சரி. நெல்லோ என்ற ஐயம் ‘சோற்றுச்செடி’யில்தான் வருகிறது. ‘சோற்றிலை’யிலும் ‘சோற்றுத்தண்டி’லும் வரவில்லை. பொதுப் பெயரைத் தலைப்பில் ஒருமுறை வைத்துவிட்டு அட்டைகளில் உட்பிரிவுப் பெயர்களை மட்டும் எழுதுங்கள்.

என் மறுமொழி:

ஐயா சொன்னபடியே செய்துவிடலாம். மேசையின் தலைப்புப் பலகையில் ‘சோற்றுச்செடிகள்’, கீழே சின்ன எழுத்தில் ‘சக்குலண்ட்’, பக்கத்தில் குறுக்கே வெட்டிய கற்றாழை மடலின் படம். அக்கா, உண்மையான மடல் ஒன்றையே வெட்டி வைக்கலாம். சின்னவளே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அட்டையின் பின்பக்கம் இரண்டு வரிகள் எல்லாச் செடிக்கும் பொது: நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு நிழற்செடி, சோற்றுச்செடி என்ற பேதமில்லை.

பெப்பரோமியாவும் ஹோயாவும் மிச்சம் இருக்கின்றன. இலையைத் தொட்டால் சோற்றிலை, வளர்வது நிழலில். பெப்பரோமியாவை நிழற்செடி மேசைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். ஹோயாவில் ரகத்துக்கு ரகம் இலைத் தடிமன் மாறுகிறது. கொண்டுவருகிறவர்கள் ஓர் இலையின் படத்தை இங்கே போட்டால் பார்த்து முடிவு செய்யலாம்.