12 மீட்டர் பற்றவில்லை: கேபிளை ஒட்டலாமா, புதிதாக இழுக்கணுமா?

பிஎம்_வாசி
வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் இரட்டை மாடி டெரஸ் வீடு. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் கீழே ஹாலில், முன்வாசல் ஓரமாக. மகளின் அறை மேலே, பின்பக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோகிறாள். வீடு வாங்கியபோது கொந்தராக்டர் சிலிங் வழியாக ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டுப் போனார். அது மாடிப்படி முடியும் இடத்தில் சுருண்டு கிடக்கிறது. அவள் மேசைக்கு இன்னும் 12 மீட்டர் வேண்டும். கடையில் ஒரு சின்ன ஜாயினர் காட்டினார்கள். இரண்டு பக்கமும் துளை, ஆளுக்கு ஒரு கேபிளைச் சொருகினால் வேலை முடிந்ததாம். ஐந்து ரிங்கிட். வாங்கலாமா? என் மச்சான் "ஒட்டுப்போட்ட கேபிளும் ஒட்டுப்போட்ட டயரும் ஒன்று" என்று பயமுறுத்துகிறான்.

செந்தூல்_வயர்மேன்
மச்சான் விவரமான ஆள். வாங்காதீர்கள். கீழிருந்து மேசை வரை ஒரே கேபிளாகப் புதிதாக இழுங்கள், கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) போதும். பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் அதே வழியில் வந்துவிடும். நடுவில் ஒட்டு வைத்தால் இன்றைக்கு ஓடும். நாலு வருடம் கழித்துக் கோளாறு வரும்போது எங்கே தேடுவது?

ஜெலுத்தோங்காரன்
அண்ணே, ஒரு கேள்வி. ஆபீஸ்களில் சுவரில் சாக்கெட் இருக்கிறது, அறையில் பேட்ச் பேனல் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் துளைப் பலகை) இருக்கிறது. அவை என்ன? ஒட்டுதானே? விதிமுறையே 100 மீட்டர் கொடுக்கிறது: சுவருக்குள் 90, இரண்டு முனையிலும் சொருகும் சின்ன கேபிள்களுக்கு 10. இவருக்குப் பழையதும் புதியதும் சேர்த்தாலே 35 மீட்டர் வராது. நல்ல ஜாயினராக ஒன்று வைத்தால் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தாராளமாக ஓடும். சிலிங்கைக் கிளறச் சொல்லி ஏன் செலவு இழுத்துவிடுகிறீர்கள்?

செந்தூல்_வயர்மேன்
தம்பி, பேட்ச் பேனலில் ஒவ்வொரு கம்பியையும் கருவி வைத்து அடித்து இறக்குகிறோம். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று அங்கே கணக்கு இருக்கிறது. அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் சிக்னல் உள்ளே கலக்காமல் தடுக்கிறது. அந்த ஐந்து ரிங்கிட் பெட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எட்டு மெல்லிய கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் படுத்திருந்தன. முறுக்கே இல்லை. இன்னொன்று, நம் ஊர் சிலிங்குக்குள் மதியம் கை வைத்துப் பாருங்கள், அடுப்பு. போதாததற்குப் பல்லியும் எறும்பும். திறந்த துளை கிடைத்தால் சும்மா விடுமா?

மாடிப்படி
எதற்கு இவ்வளவு சண்டை? மெஷ் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வைஃபை பெட்டிகள்) வாங்குங்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் காண்டோவில் இரண்டு பெட்டி வைத்தேன், பத்து நிமிடம். சுவரில் ஓர் ஓட்டை இல்லை.

ஜெலுத்தோங்காரன்
காண்டோவில் எல்லா அறையும் ஒரே தளம். இவருக்கு நடுவில் கான்கிரீட் தளமும், போதாததற்குச் செங்கல் சுவரும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத்தான் சுவர் என்றால் ஆகாது. தவிர, மெஷ் பெட்டிகள் தங்களுக்குள்ளேயும் காற்றில்தான் பேசுகின்றன. கேட்டதை மறுபடி சொல்வதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. அதற்குத் தனி அலைவரிசை உள்ள பெட்டி வாங்கினால் விலை ஏறும். மேல்மாடிப் பெட்டிக்கு ஒரு கேபிள் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும் மெஷ் என்றால் என்னவென்று. எப்படியும் கேபிளுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

மாடிப்படி
சரி சரி. அப்படியென்றால் கரண்டு பிளக் வழியாக இன்டர்நெட் அனுப்பும் ஜோடி?

செந்தூல்_வயர்மேன்
த்ரீ பேஸ் (மூன்று தனித்தனி கரண்டு லைன் வரும்) வீடாக இருந்து, கீழ் ஹால் ஒரு பேஸிலும் மேல் அறை இன்னொன்றிலும் இருந்தால் பெரும்பாலும் சரிப்படாது. ஏர்கோன் போட்டதும் வேகம் தொங்கும். விடுங்கள்.

கடைவீட்டு_அக்கா
ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டிலிருந்து எழுதுகிறேன். அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) ஆரம்பித்தால் பின்கட்டு வரை ரயில்பெட்டி மாதிரி நீளம், நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்த முற்றத்தின் மேலாகத்தான் பின்கட்டு மாடிக்கு வெள்ளைக் கேபிள் ஒன்று போட்டோம். உள்ளே போடுகிற சாதாரண கேபிள். வெயிலில் தோல் வெடித்து, தொட்டால் அப்பளம் மாதிரி உடைந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஓர் அக்டோபர் மாத இடியில் ரவுட்டரின் அந்த ஒரு துளையும் மாடியில் இருந்த டிவி பெட்டியின் துளையும் செத்துப்போயின. இடி எங்கள் வீட்டில் விழவில்லை. ஃபிரிட்ஜ், மின்விசிறி, எல்லாம் நன்றாக ஓடின. வெளியே நீளமாகக் கிடக்கும் செம்புக்கம்பி, பக்கத்தில் விழும் இடியின் வேகத்தையும் வாங்கிக்கொள்ளுமாம். இப்போது அந்த முற்றத்தைத் தாண்டுவது மட்டும் ஃபைபர், இரண்டு முனையிலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மாற்றிகள். கண்ணாடி நூலில் கரண்டு போகாது. ஆகவே தம்பி, ஒட்டோ புதுசோ, வீட்டுக்கு வெளியே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பிஎம்_வாசி
நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. பின்சுவருக்கு வெளியே இறக்கி ஜன்னல் வழியாக உள்ளே விடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செந்தூல்_வயர்மேன்
ஒட்டுதான் வேண்டும் என்றால் ஜாயினருக்குப் பதில் ஐந்து துளை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை மாடிப்படி முனையில் வையுங்கள். சுவிட்ச் தகவலை முழுசாக வாங்கித் திரும்ப அனுப்புகிறது. அங்கிருந்து இன்னொரு 100 மீட்டர் கணக்கு புதிதாகத் தொடங்கும். மேலே டிவிக்கும் ஒரு கேபிள் எடுத்துக்கொள்ளலாம்.

ஜெலுத்தோங்காரன்
இதை நான் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. (இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆனால் சுவிட்சுக்குக் கரண்டு பிளக் வேண்டும். மாடிப்படி முனையில் பிளக் வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை.

பிஎம்_வாசி
என் வீட்டிலும் இல்லை. பொறுமை இல்லாமல் ஜாயினர் வாங்கி மாட்டிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அண்ணே. மகள் முகம் உறையவில்லை. ஆனால் எங்கள் பிளான் 300 எம்பிபிஎஸ், சோதித்தால் 94தான் வருகிறது. நாலு முறை பார்த்தேன், 93, 94, 94, 94.

செந்தூல்_வயர்மேன்
சொன்னேனா இல்லையா?

ஜெலுத்தோங்காரன்
அவசரப்படாதீர்கள் அண்ணே. ஜாயினர் மட்டமானது என்றால் பெரும்பாலும் எண் ஏறி இறங்கும். 94-லேயே ஆணி அடித்த மாதிரி நின்றால் இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். மற்றவற்றில் ஒன்று தொடாவிட்டால் பல கருவிகள் மூச்சுவிடாமல் 100-க்கு இறங்கி வேலை செய்யும். கேபிள் டெஸ்டர் (ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு விளக்கு எரியும் கருவி) வாங்கி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிஎம்_வாசி
பார்த்தேன். புதிய 12 மீட்டர் துண்டில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பழைய துண்டில் 1 முதல் 6 வரை வந்து, 7 இல்லை, 8 எரிந்தது. கொந்தராக்டர் போட்ட பிளக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை-பழுப்புக் கம்பி மற்றவற்றைவிட அரிசிமணி அளவு குட்டை. பிளக்கின் உலோகப் பல்லுக்கு எட்டவே இல்லை. வெட்டிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கிப் புதுப் பிளக் நசுக்கினேன். முதல் இரண்டு பிளக்கும் குப்பைக்குப் போயின. மூன்றாவதில் எட்டும் எரிந்தன. இப்போது முழு 300-ம் வருகிறது, அதே ஜாயினரில்தான்.

ஜெலுத்தோங்காரன்
அண்ணே, இருக்கிறீர்களா?

செந்தூல்_வயர்மேன்
எங்கே போகப்போகிறேன். பிஎம், வெட்டிய துண்டு கையில் இருக்கிறதா? ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே என்ன நிறம்?

பிஎம்_வாசி
மேலே செம்பு நிறம். சுரண்டினால் வெள்ளி மாதிரி இருக்கிறது அண்ணே. இரண்டு முறை வளைத்ததும் ஒடிந்துவிட்டது.

செந்தூல்_வயர்மேன்
அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும். இதை விதிமுறைப்படி கேட் கேபிள் என்றே சொல்லக்கூடாது. அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கம்ப்யூட்டருக்கு இந்தத் தூரத்தில் ஓடும். ஆனால் நாளைக்குக் கேபிள் வழியாகவே கரண்டு போகிற கேமராவை இதில் மாட்டாதீர்கள், தூரம் கூடக்கூட வோல்டேஜ் விழும், கம்பி சூடாகும். பிளக்கையும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள், கழுத்தில் ஒடியும். நான் முதலிலேயே புதிதாக இழுக்கச் சொன்னேன்.

ஜெலுத்தோங்காரன்
ஒட்டு கூடாது என்றுதானே சொன்னீர்கள், அலுமினியம் என்று சொல்லவில்லையே! கோளாறு இருந்தது பிளக்கில். ஜாயினர் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

செந்தூல்_வயர்மேன்
ஒட்டு இல்லாமல் புதிதாக இழுத்திருந்தால் அந்தப் பிளக்கும் போயிருக்கும், அலுமினியமும் போயிருக்கும். கணக்கு ஒன்றுதான்.

கடைவீட்டு_அக்கா
இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாதி வைத்துக்கொண்டு இழுக்கிறீர்கள். அவர் வேலை முடிந்துவிட்டது.

மாடிப்படி
மெஷ் என்றால் பிளேடு தேவைப்பட்டிருக்காது. சும்மா சொன்னேன்.

செந்தூல்_வயர்மேன்
பிஎம், ஒன்று மட்டும். ஜாயினரைச் சிலிங்குக்குள் தள்ளிவிடாதீர்கள். 12 மீட்டரைச் சுவரோரம் கேசிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறை) போட்டுக் கொண்டுபோங்கள், கரண்டு வயரோடு சேர்த்து ஒரே கேசிங்கில் விடவேண்டாம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது சிலிங் திறந்தால் நல்ல செம்புக் கேபிள் ஒன்று கட்டி இழுத்துவிடுங்கள்.

பிஎம்_வாசி
ஜாயினர் கையெட்டும் உயரத்தில் வெளியேதான் இருக்கிறது அண்ணே. கேசிங் நாளைக்கு. மச்சான் வந்து பார்த்துவிட்டு "ஒட்டுப்போட்டும் ஓடுதே" என்று தலையைச் சொறிந்தான். 94 கதையை அவனிடம் சொல்லவில்லை.