ஓய்வுநேர வினாத்தாள்: கணவனும் மனைவியும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்களா?

நெல்லை ஆய்வாளர்
வணக்கம். பியர்ட், ரகீப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980இல் வெளியிட்ட ஓய்வுநேர மனநிறைவு அளவுகோலின் 24 கேள்விச் சுருக்கத்தைத் தமிழாக்கி, 110 தம்பதியரிடம் கொடுத்தேன். பெண்களின் சராசரி ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்திருக்கிறது. "பெண்களுக்கே நிறைவு அதிகம்" என்று எழுதச் சொல்கிறார் வழிகாட்டி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாளையங்கோட்டையில் ஓர் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "கீரை உருவிக்கொண்டே தொடர் பார்க்கிறேனே, இது ஓய்வா, வேலையா?" என்றார். நான் விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. பக்கத்தில் அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவரின் பேனா எங்கும் நிற்கவில்லை. இந்த இரண்டு தாள்களையும் எப்படி ஒப்பிடுவது?

புள்ளியியல் ஆசிரியர்
சராசரிக்குப் போகுமுன் மூன்றைப் பாருங்கள். இரு பாலரின் பதில்களும் அளவுகோலின் ஆறு கூறுகளாக, அதாவது ஆறு கேள்விக் குழுக்களாக, ஒரே மாதிரி பிரிகின்றனவா? ஒவ்வொரு கேள்வியும் தன் கூறோடு ஒரே அளவு பிணைந்திருக்கிறதா? ஒரே அளவு நிறைவுள்ள ஆணும் பெண்ணும் அதற்கு ஒரே மதிப்பெண் போடுகிறார்களா? மனச்சோர்வு அளவுகோல்களில் அழுகையைப் பற்றிய கேள்வி இந்த மூன்றாவதில்தான் தவறும். சோர்வு சமமாக இருந்தாலும் பெண்கள் அதற்குக் கூடுதலாகப் போடுவார்கள். இன்னொன்று, தம்பதியரைத் தனித்தனி ஆட்களாகக் கணக்கிடாதீர்கள், இணைகளாகவே ஆராயுங்கள்.

நெல்லை ஆய்வாளர்
இணைகளாகவே செய்தேன் ஐயா. மூன்றும் தேறிவிட்டன. அதுதான் என் கலக்கம்.

களப்பணியாளர்
தேறத்தான் செய்யும், தங்கையே. ஒரு கேள்வி மட்டும் மற்றவற்றிலிருந்து விலகினால் அந்தச் சோதனை பிடித்துவிடும். எல்லாக் கேள்விகளும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் பிடிக்காது. சாய்வு முழுவதும் உண்மையான மனநிறைவு என்றே கணக்கில் ஏறிவிடும். உங்கள் தாளில் எல்லாக் கேள்வியிலும் இருக்கும் சொல் 'ஓய்வு'. நம் வீடுகளில் பல பெண்களுக்கு அதன் பொருள் எல்லா வேலையும் முடிந்து உட்காருவது.

2019ஆம் ஆண்டு தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டிருக்கிறார்கள். அதில் அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாகக் கேட்டார்கள். ஒரே நேரத்தில் செய்த வேலைகளையும் குறித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பக்கத்தை உங்கள் தாளோடு சேருங்கள். பதில் எழுதிய சிலரிடம் திரும்பப் போய், எந்த நேரத்தை மனத்தில் வைத்துக் குறித்தீர்கள் என்றும் கேளுங்கள்.

நெல்லை ஆய்வாளர்
அந்த அக்காவிடம் நேற்றுப் போனேன். இரவு பத்தரைக்கு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு மாடிப்படியில் உட்காரும் அரை மணி நேரத்தை நினைத்துத்தான் 24 கேள்விக்கும் பதில் போட்டாராம். கணவர் மாலை ஆறு மணியிலிருந்து தூங்கும் வரை எண்ணியிருக்கிறார். "பெண்களுக்கே நிறைவு அதிகம்" என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன். இன்னும் பத்தொன்பது வீடுகளுக்குப் போக வேண்டும்.