நிரல்மொழிச் சமூகத்துக்குப் புதிய குழு தேவையா? யோசனை வேண்டும்

செந்தளிர்:
சின்ன நிரல்மொழி ஒன்றின் மடலாடற்குழுவை (மின்னஞ்சல்வழி விவாதக் குழு) பார்த்துக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி. கற்பவர்களின் சந்தேகம், கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) விவாதம், வெளியீட்டு அறிவிப்பு எல்லாமே அந்த ஒரே குழுவில்தான். சமீபத்தில் ஒருவர், லிஸ்ட்டை (பட்டியல்) ஒவ்வொன்றாகப் பார்த்துவரும் லூப்புக்குள் அதிலிருந்து ஒன்றை நீக்கினால் அதற்கு அடுத்தது விட்டுப்போகிறதே ஏன் என்று கேட்டிருந்தார். நிரலையும் ஒழுங்காகப் போட்டிருந்தார். அன்று பார்த்து மொழியின் டைப் சிஸ்டம் (தரவு வகைகளுக்கான விதிகள்) பற்றிய வாக்குவாதம் சூடுபிடித்துவிட்டது. அவருடைய கேள்வியை யாரும் கவனிக்கவில்லை, அவரும் அப்புறம் வரவில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

புதியவர்களுக்குத் தனிக் குழு வைக்கலாம் என்கிறார்கள் சிலர். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலிக்குப் போய்விடலாம் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்யலாம்?

பழையமரம்:
யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையமைப்பில், கணினி பற்றிய 'காம்ப்' போன்ற முக்கியப் பிரிவுகளில் அந்தக் காலத்தில் நினைத்தவுடன் குழு தொடங்கிவிட முடியாது. முதலில் பொது விவாதம், பிறகு வாக்கெடுப்பு. எதிர்ப்பைவிட ஆதரவு குறைந்தது 100 வாக்காவது கூட இருக்க வேண்டியிருந்தது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வர வேண்டியிருந்தது. 1994-இல் வந்த, பைத்தான் நிரல்மொழிக்கான குழுவும் இந்தப் பிரிவில் உள்ளதுதான். கெடுபிடி மாதிரித் தெரியும், ஆனால் ஆளில்லாத குழுக்கள் பெருகாமல் தடுத்தது இதுதான்.

நீங்கள் வாக்கெடுப்பு நடத்தினால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "புதுக் குழுவில் தவறாமல் வந்து பதில் சொல்லப்போவது யார்?" என்று கேளுங்கள். பெயர் கொடுக்க ஆளில்லை என்றால் குழு வேண்டாம். கேட்பவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் யாருக்கு என்ன கிடைக்கும்?

நீலவரி:
பிரிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பைத்தானில் கற்பவர்களுக்கென்றே 'டியூட்டர்' என்ற மடலாடற்குழு இருந்தது. சொல்லிக்கொடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள் விரும்பி வந்ததால் அது ஓடியது. உங்களிடம் அப்படி ஆட்கள் இருக்கிறார்களா?

டிஸ்கார்டு அரட்டைக்கு நல்லது. ஆனால் அங்கே சொன்ன பதில் தேடுபொறியில் அகப்படாது, அதே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுத வேண்டியிருக்கும். ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியின் இலவசக் கணக்கிலும் 2022-இலிருந்து கடைசி 90 நாள் உரையாடல்தான் கண்ணில் படும்.

செந்தளிர்:
பழைய மடல்களைப் புரட்டிப் பார்த்தேன். பதில் கிடைக்காத கேள்விகள் பெரும்பாலும் மொழியின் வடிவமைப்பு பற்றிய விவாதம் நடந்த நாட்களில் வந்தவை. மற்ற நாட்களில் பதில் சொல்கிறவர்களும் அதே விவாதக்காரர்கள்தான்.

நீலவரி:
அப்படியென்றால் புதியவர்களை ஏன் கிளப்ப வேண்டும்? விவாதத்துக்குத் தனி இடம் கொடுங்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியில், மொழியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தளம், மொழியை உருவாக்குகிறவர்களுக்கு 'இன்டர்னல்ஸ்' என்று இன்னொன்று. புதிதாக வருபவர் எது எளிது எது கடினம் என்று யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை. கேள்வி இருந்தால் பொதுக் குழுவுக்கு வரலாம். "நீ ஆரம்பநிலை, அந்தப் பக்கம் போ" என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பழையமரம்:
இதை ஏற்கிறேன். ஒரு பயம் மட்டும் இருக்கிறது. விவாதக்காரர்கள் புது இடத்திலேயே தங்கிவிட்டால் பொதுக் குழு காலியாகிவிடும். அதனால் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, பதில் வராத கேள்விகளை அவர் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் அவரே விடை சொல்ல வேண்டியதில்லை, தெரிந்தவரைக் கூப்பிட்டுவிட்டால் போதும். அந்த லூப் கேள்வியையே எடுங்கள்: ஒன்றை நீக்கியதும் பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகரும், எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று காட்டும் சுட்டெண்ணோ அடுத்த இடத்துக்குப் போய்விடும், நடுவில் ஒன்று தப்பிவிடும். லிஸ்ட்டின் நகல்மீது லூப் ஓட்டினால் சரியாகிவிடும். எழுத இரண்டு நிமிடம் ஆகுமா?

செந்தளிர்:
சரி, விவாதக் குழுவைத் தொடங்குகிறோம். முறை வைப்பதற்கு இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பழைய விவாத மடல்களையும் அங்கே மாற்ற வேண்டுமா?

நீலவரி:
வேண்டாம். பலர் அவற்றுக்குத் தொடுப்புக் கொடுத்திருப்பார்கள், எல்லாம் உடைந்துவிடும். பழையது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். புதுக் குழுவின் மடல்களையும் உறுப்பினராகாமலேயே படிக்கும்படி வையுங்கள்.