குரூப் ப்ரபோசல் எழுதுறோம், ரிமோட் சென்சிங் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளத் தண்ணி எங்க வரைக்கும் பரவுதுன்னு சாட்டிலைட் படத்துலேர்ந்து மேப் பண்ற ஆராய்ச்சிக்கு ஃபண்டிங் கேட்டு நாலு பேர் சேர்ந்து எழுதிட்டு இருக்கோம், ஒருத்தர் ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படங்களை வச்சு நிலத்தை ஆராயறது), ஒருத்தர் ஹைட்ராலஜி (நீரியல்), ஒருத்தர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நான் ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு ஆராயறது). ஆளுக்கொரு பகுதி எழுதி ஒட்டினதுல நாலு தனி ப்ரபோசல் மாதிரி நிக்குது, பொதுவான ஒரே கேள்வி அதுல தெரியவே இல்ல.

சென்டினல்-2ங்கற ஐரோப்பிய சாட்டிலைட் கேமரா மாதிரி எடுக்கிற படம் 10 மீட்டர் ரெசல்யூஷன்ல (படத்துல ஒரு புள்ளி தரையில 10 மீட்டர்) கிடைக்குது, ஆனா வெள்ளம் வர்ற நேரம் பூரா மேகம்தானே, அதனால மேகத்தைத் தாண்டி ராத்திரியிலயும் பாக்குற சென்டினல்-1 ரேடாரைத்தான் நம்பியிருக்கோம். அதுல வெட்டவெளியில தேங்கின தண்ணி கருப்பா, தெளிவா தெரியும், கட்டடங்களுக்கு நடுவுல, அடர்ந்த மரத்தடியில நிக்கிற தண்ணிதான் சரியா சிக்காது. இதையே மையக் கேள்வியா வைக்கணும்னு எனக்குத் தோணுது, மத்தவங்க 1972லேர்ந்து இருக்குற லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சாட்டிலைட் படங்களை வச்சு பழைய மாற்றத்தையும் சேர்க்கணும்ங்கறாங்க. ரெண்டையும் 3 வருஷத்துல முடிக்க முடியுமா?

இந்தப் படங்கள் இலவசம்ங்கறதால பட்ஜெட்ல டேட்டாவுக்கு எதுவும் போடல. ஆனா ஸ்டோரேஜ், கம்ப்யூட்டிங், நேர்ல போய் சரிபார்க்கிற ஃபீல்ட் வேலை இதுக்கெல்லாம் எவ்ளோ பங்கு ஒதுக்குவீங்க? ஃபீல்ட் வேலையைக் குறைக்கச் சொல்றாங்க, அது இல்லாம மேப் சரியா தப்பான்னு எப்படிச் சொல்றது, எனக்கு மனசே வரல.

ப்ரபோசல் ரிவியூ பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ரெண்டு பக்க சுருக்கம் அனுப்பி வைக்கிறேன்.