40 மி.மீ. ஐபீஸ் கூடுதல் வானம் காட்டுமா?

குவியத்தூரம்:
எட்டு அங்குல எஃப்/6 டாப்சோனியன் டெலஸ்கோப் (குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு) வாங்கிய புதியவர் ஒருவருக்கு, நம் குழுவில் ‘பால்வெளி’ என்ற பெயரில் எழுதுபவர் நேற்று சொன்ன யோசனை: “முதல்ல 40 மி.மீ. பிளாசல் ஐபீஸ் வாங்குங்க, 32-ஐ விட வானம் இன்னும் அகலமாத் தெரியும்.” தெரியாது. இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லப் போகிறீர்கள்?

40, 32 என்பவை கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரம். அதைச் செருகும் ஒன்றேகால் அங்குலக் குழலின் வெளிவிட்டமே 31.75 மி.மீ.தான். சுவர் கனமும் ஃபில்டர் மாட்டும் மரையும் போக உள்ளே மிஞ்சுவது சுமார் 27 மி.மீ. 32 மி.மீ. பிளாசலின் ஃபீல்டு ஸ்டாப்பே (தெரியும் வானத்துக்கு எல்லை கட்டும் உள்வளையம்) அந்த 27-ஐத் தொட்டுவிடுகிறது. 40-க்கும் அதே 27. அதை டெலஸ்கோப்பின் குவியத் தூரமான 1200-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள்: 1.29 பாகை. இரண்டுக்கும் ஒரே விடை. 40-இல் அதே வானம் 37.5 மடங்குக்குப் பதில் 30 மடங்கில் சிறுத்துத் தெரியும், தோற்றப் புலம் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) 50 பாகையிலிருந்து 43-க்குச் சுருங்கும். அதே ஜன்னலை இன்னும் தள்ளி நின்று பார்ப்பதுதான் இது.

பால்வெளி:
சார், டெலஸ்கோப்போட வர்ற 25 மி.மீ. ஐபீஸ்ல சுமார் ஒரு பாகை. 40-ஐப் போட்டா 1.29. வானம் கூடுச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்புறம், பல 40 மி.மீ. பெட்டியில “52 பாகை”னே அச்சடிச்சிருக்கான். செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?

குவியத்தூரம்:
25-ஐப் பற்றி யார் கேட்டது? நீங்கள் எழுதியது “32-ஐ விட”. அதற்கு வாருங்கள்.

பெட்டியில் அச்சடித்ததெல்லாம் வேதமா? 40 மி.மீ. ஐபீஸ் 52 பாகை காட்ட வேண்டுமானால் ஃபீல்டு ஸ்டாப் சுமார் 36 மி.மீ. இருக்க வேண்டும். 31.75 மி.மீ. குழலுக்குள் 36 மி.மீ. வளையம் எப்படி நுழையும்? வெர்னியர் காலிப்பரை எடுத்து, குழலைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தெரியும் வளையத்தின் குறுக்களவை எடுங்கள். கண்ணாடியில் உரசாமல் பிளாஸ்டிக் காலிப்பராக இருந்தால் நல்லது. 27-க்கு மேல் வந்தால் இங்கே எழுதுங்கள்.

வளையம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 40 மி.மீ. வேண்டவே வேண்டாம் என்பது போல எழுதுவது சரியில்லை. எட்டு அங்குல ஷ்மிட்-கேஸக்ரெய்ன் டெலஸ்கோப் எஃப்/10. அதில் 32 போட்டால் எக்சிட் பியூப்பில் (ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம்) 3.2 மி.மீ., 40 போட்டால் 4 மி.மீ. ஆக்சிஜன்-3 ஃபில்டர் மாட்டி நெபுலா பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. ஃபில்டர் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பிரகாசமாகப் பார்க்க பெரிய எக்சிட் பியூப்பில் வேண்டும்.

குவியத்தூரம்:
பேச்சு எஃப்/6 பற்றி. அதில் கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸே 4.2 மி.மீ. தருகிறது. ஃபில்டருக்காக 40 வாங்க அவசியமே இல்லை. 40-ஐப் போட்டால் 6.8 மி.மீ. இருட்டில் 7 மி.மீ. வரை கண்மணி விரிவது இளவயதில். வயதாக ஆகக் குறையும். 5 மி.மீ. விரியும் கண்ணுக்கு 30 மடங்கில் 150 மி.மீ. ஆடியின் ஒளிதான் உள்ளே போகும். எட்டு அங்குலம் வாங்கி ஆறு அங்குலமாகப் பயன்படுத்துவதற்கு இவ்வளவு பெரிய குழாயை ஏன் தூக்க வேண்டும்?

வளையம்:
இது பயமுறுத்தல். ஒளி வெளியே சிந்துவது உண்மை. ஆனால் நெபுலாவின் பரப்புப் பிரகாசம் அதனால் குறையாது, அந்தக் கண்ணுக்கு முடிந்த அதிகபட்சத்தில்தான் இருக்கும்.

குவியத்தூரம்:
நெபுலாவுக்குக் குறையாது. நட்சத்திரத்துக்குக் குறையும், அது புள்ளி. வானத்தின் வெளிச்சமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும், பின்னணி சாம்பல் பூத்துவிடும். இதே 27 மி.மீ. ஃபீல்டு ஸ்டாப்போடு 24 மி.மீ., 68 பாகை ஐபீஸ்கள் இருக்கின்றன. அதே 1.29 பாகை வானம், 50 மடங்கு, கறுத்த பின்னணி. புதியவருக்குச் சொல்ல வேண்டியது அதை.

பால்வெளி:
சுத்திச் சுத்தி 27-லயே நிக்கிறீங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு 40-ல ஐ ரிலீஃப், அதாவது ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல இடைவெளி, 28 மி.மீ. வரைக்கும் கிடைக்கும். சிதறல் பார்வை இருக்குறவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபோகஸ் பண்ண முடியாது. அதைப் பத்தி மூச்சு விடுறீங்களா?

குவியத்தூரம்:
32-இலேயே 20-க்கு மேல் இருக்கிறது, கண்ணாடிக்கு அது போதும். 28-இல் கண்ணை எங்கே நிறுத்துவது என்றே பிடிபடாது. தலை லேசாக அசைந்தால் படம் கறுத்துவிடும். ரப்பர் கப்பை நீட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும். “அகலம்” எங்கே போயிற்று? ஐ ரிலீஃபுக்குத் தாவிவிட்டீர்கள்.

சாய்கோணம்:
எதுக்கு இந்தச் சண்டை? கூட வர்ற 25, 10 ரெண்டுக்கும் ஒரு 2 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டுற வில்லை) போட்டா 48, 96, 120, 240-னு நாலு உருப்பெருக்கம் கிடைச்சிடும். டயகனலுக்கு (ஒளியைப் பக்கமாத் திருப்புற துணைக் கருவி) முன்னாடி மாட்டினா மூணு மடங்கு பக்கம் போகும்.

குவியத்தூரம்:
டாப்சோனியனில் டயகனல் எங்கே இருக்கிறது? போன முறையும் பார்லோ பேச்சில் இப்படித்தான் வந்து குழப்பினீர்கள். வில்லையிலிருந்து படம் விழும் இடம் வரை உள்ள தூரத்தை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள், அதுதான் பார்லோவின் பெருக்கம். வில்லையின் குவியத் தூரம் 100 மி.மீ. என்றால் 100 மி.மீ. தள்ளி 2 மடங்கு. 75 மி.மீ. கூடுதலாகத் தள்ளினால் 2.75. 240 மடங்கு காற்று அமைதியான இரவுக்கு மட்டும். மற்ற நாளில் வியாழன் கொதிநீருக்கு அடியில் கிடப்பது போலத்தான் இருக்கும். 8 மி.மீ. ஒன்று, 150 மடங்கு, அதிக நாள் உழைக்கும்.

சாய்கோணம்:
“போன முறையும்”னு ஆரம்பிச்சாச்சு. போன முறை லேசர் காலிமேட்டர் (ஆடிகளை நேராக்க உதவுற கருவி) குப்பைன்னு சொன்னது யாரு? அதுக்கு இன்னும் பதில் வரல.

வளையம்:
அகலம்தான் வேண்டுமென்றால் இரண்டு அங்குல ஃபோகஸர் (ஐபீஸைச் செருகி ஃபோகஸ் செய்யும் பகுதி) இருக்கிறதே. ஃபீல்டு ஸ்டாப் 46 மி.மீ. வரை போகலாம், 2.2 பாகை. கார்த்திகை மீன்கள் சுற்றிலும் கருவானத்தோடு அடங்கும். சில ஐபீஸ்கள் அரைக் கிலோவைத் தாண்டும், குழாயைத் தாழ்த்தினால் மூக்கு தொங்கும். அடிப்பக்கம் காந்த எடை ஒட்டினால் சரியாகிவிடும்.

பால்வெளி:
இப்ப ரெண்டு அங்குலத்துக்குப் போயாச்சு. நான் சொன்ன 40 கூடுதல் வானம் காட்டுதுன்னு ஒத்துக்க யாருக்கும் மனசு வரல.

குவியத்தூரம்:
காட்டாது. ஸ்டாப்வாட்ச் வைத்துச் சோதியுங்கள். ஓரியன் இடைவாரின் மேற்கு ஓரத்து விண்மீன் மின்டாக்கா, வான நடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. டெலஸ்கோப்பை அசைக்காமல், அது ஓரத்தில் நுழைந்து நட்ட நடுவாகக் கடந்து எதிர் ஓரத்தில் மறையும் வரை நேரம் எடுங்கள். நடுவை விட்டு விலகிப் போனால் நேரம் குறையும், அந்த அளவீட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுங்கள். நிமிடங்களை நாலால் வகுத்தால் பாகை. 32-இல் ஐந்து நிமிடம் ஒன்பது விநாடி பக்கம் வரும். 40-இலும் அதுவே வரும்.

பால்வெளி:
வானம் பார்க்க வந்தவன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துட்டு நிக்கணுமா? கண்ணுக்கு அகலமாத் தெரியுது, எனக்கு அது போதும்.

குவியத்தூரம்:
கண்ணுக்குத்தான் சுருங்கித் தெரியும். 43 பாகை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

சாய்கோணம்:
லேசர்?

குவியத்தூரம்:
குப்பை என்று சொல்லவில்லை, லேசரையே முதலில் சரிபார்க்க வேண்டும் என்றேன். ஃபோகஸரில் செருகி, திருகைத் தளர்வாக வைத்து, மெல்லச் சுழற்றுங்கள். பிரதான ஆடியில் சிவப்புப் புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணல். அதை வைத்துச் சரிசெய்த ஆடியும் கோணலாகத்தான் நிற்கும். கண்ணால் பார்த்தே ஆடியை நேராக்க உதவும் செஷயர் குழலுக்கு இந்த வம்பு கிடையாது, பேட்டரியும் வேண்டாம்.

சாய்கோணம்:
இருட்டுல செஷயர் குறுக்குக் கம்பி எப்படித் தெரியும்? அது பகல்ல மட்டும்தான் ஆகும். டெலஸ்கோப்பைத் தூக்கிட்டு வெளிய போய் வச்சப்புறம் ஆடி நகர்ந்திருந்தா லேசர்தான் கை கொடுக்கும்.

வளையம்:
சிவப்பு டார்ச்சை செஷயரின் பக்கத் துளையில் காட்டினால் தெரியும்.

சாய்கோணம்:
ஒரு கையில டார்ச், ஒரு கையில திருகு, கண்ணு ஃபோகஸர்ல. எட்டு அங்குலக் குழாய்ல திருகு அந்தக் கோடியில இருக்கு சார், கை எட்டுமா?